மெடிங் மூடி வைத்த காகிதம்

ரெமெடியோஸ் நோப்ளெசா என்று முழுப்பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் க்ரெஸ்டாட் ஊரில் உதட்டைப் பிதுக்குவார்கள். மெடிங் என்று கேளுங்கள், தபால்காரர்கூட வழி காட்டுவார். நார்த் டகோட்டாவில் சோயா வயலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த ஊரில், முதியோர் இல்லத்தில் நர்ஸ். வயது நாற்பத்தைந்து. உயரத்தைக் கேட்காதீர்கள், பாவம். மருந்து அலமாரியின் மேல்தட்டை இன்றைக்கும் முக்காலி போட்டுத்தான் எட்டுகிறாள்.

மெடிங்குக்கு எதையாவது மூடி வைக்காவிட்டால் கை அரிக்கும். சோற்றுப் பானையை மூடுவாள், சரி. டிவி ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, சோபாவுக்கு பிளாஸ்டிக் உறை, உறையில் தூசி படியாமல் இருக்க அதன்மேல் ஒரு துணி. சிரித்தால் வாயை மூடுவாள். புது ஷூ வாங்கினால், "தள்ளுபடியில கிடந்தது, சும்மா எடுத்தேன்" என்று யாரும் கேட்காமலே சொல்வாள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால், "அரிசிக்கு ஆகுது." அவ்வளவுதான் பதில். நல்லது நடந்தால் நாலு பேர் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் தீவு நாட்டு இலோய்லோ மாகாணத்துக்காரர்களின் பொது வியாதி. மெடிங்குக்கு அது முற்றிப்போயிருந்தது.

இலோய்லோவின் மியாகாவோ ஊரில் ஜீப்னி என்கிற ஷேர் வண்டி ஓட்டிய அப்பாவுக்கு மூன்றாவது பெண். நர்ஸ் படிப்பு முடித்தாள், கல்யாணம் முடித்தாள், ஷைரா என்று ஒரு பெண் பிறந்தாள். குழந்தைக்கு ஏழு வயதாகும்போது கணவர் போய்ச் சேர்ந்தார். நாத்தனாரிடம் பெண்ணை விட்டுவிட்டு அரபு நாட்டுத் தம்மாமில் ஒன்பது வருஷம், பாலைவன வெயிலில் ஊசி போட்டாள். பிறகு நாற்பத்திரண்டாவது வயதில் என்ன தோன்றியதோ, மேல்படிப்பு என்று அமெரிக்காவுக்கு வந்து, மகள் வயசுப் பிள்ளைகளோடு முதல் பெஞ்சில் உட்கார்ந்து நோட்ஸ் எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் அவளை டீச்சர் என்று நினைத்து விடைத்தாளை நீட்டிய பையன்கள் உண்டு. கூச்சத்தில் இரண்டு பேருடையதைத் திருத்திக்கூடக் கொடுத்தாளாம். உரிமத் தேர்வில் முதல் முறையே தேறினாள். எங்கள் இல்லத்தில் வேலை கிடைத்தது. வேலையை வைத்து நிரந்தரமாகத் தங்குவதற்கான பேப்பரை இல்லமே போட்டுத் தருவதாக நிர்வாகி லவோன் அம்மா சொன்னார்.

இதுவரை சுபம். இடைஞ்சல் ஷைராவின் வயசில் இருந்தது.

கோப்பு அரசாங்கத்தின் கையில் போய் விழுகிற நாளில் ஷைராவுக்கு இருபத்தொன்று முடிந்திருக்கக் கூடாது, கல்யாணமும் ஆகியிருக்கக் கூடாது. ஒரு நாள் குறைவாக இருந்தால் பிள்ளைக் கணக்கு; அம்மாவின் பேப்பரிலேயே ஒட்டிக்கொண்டு வரலாம். ஒரு நாள் கூடிவிட்டால் பெரிய மனுஷி; தனி மனு, தனி வரிசை, பத்து வருஷமோ பதினைந்து வருஷமோ ஆண்டவனுக்கே வெளிச்சம். அந்த 2022-இல் நர்ஸ்களுக்கான வரிசை அதிசயமாகக் காலியாகக் கிடந்தது. ஷைராவுக்கு ஜூலை ஒன்றாம் தேதி இருபத்தொன்று. மற்ற அம்மாக்கள் பெண்ணுக்கு வயசு ஏறுதே, மாப்பிள்ளை கிடைக்கலையே என்று அழுவார்கள். மெடிங் வாராவாரம் ஃபோனில், "கல்யாணம் கில்யாணம்னு எவனையாவது பண்ணித் தொலைச்சிடாதே, எல்லாம் கெட்டுச்சு" என்று மிரட்டினாள். "அம்மா, எனக்கு ஆளே இல்ல" என்றால், "அப்படியே இரு தங்கம்" என்று கொஞ்சுவாள்.

பேப்பர் போடுவதற்கு முன்னால் ஒரு சடங்கு இருக்கிறது. இன்ன வேலை, இன்ன சம்பளம், இந்த இடத்துக்கு வெளிநாட்டில் படித்த நர்ஸுக்காக மனு போடப்போகிறோம் என்று ஒரு அறிவிப்பை வேலை செய்யும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி பத்து வேலை நாள் ஒட்டி வைக்க வேண்டும். அது முடிந்து முப்பது நாள் கழித்துத்தான் கோப்பு போகலாம். மே இரண்டாம் தேதி லவோன் அம்மா சாப்பாட்டு அறைப் பலகையில் அதைக் குத்தினார். ஜூன் நடுவில் கோப்பு போய்விடும், பிறந்த நாளுக்குப் பதினெட்டு நாள் மிச்சம் இருக்கும் என்பது கணக்கு.

மெடிங் மூன்றாம் நாள்தான் அந்தக் காகிதத்தை நிதானமாகப் படித்தாள். பெயர் போடவில்லை. போட்டால்தானா? எங்கள் இல்லத்தில் பேப்பருக்குக் காத்திருந்த நர்ஸ் ஒரே ஒருத்தி. நர்ஸ் செய்ய வேண்டிய வேலைகள் பத்து வரி. அதற்குக் கீழே, கண்ணைக் குத்துகிற எழுத்தில், மணிக்கு முப்பத்து நாலு டாலர் ஐம்பது சென்ட். கடைசியில், இந்த மனுவைப் பற்றி ஆதாரத்தோடு சொல்ல ஏதாவது இருந்தால் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஓர் அரசாங்க விலாசம்.

மெடிங்குக்குக் காது சூடாகிவிட்டது. உள்பாவாடையைக் கொண்டுபோய் ஊர் நடுவில் காயப்போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. ஊரார் பார்த்தால்கூடப் போகட்டும். பெர்லா அக்கா பார்த்தால்?

பெர்லா எங்கள் பக்கத்துத் தீவில் பகோலோட் ஊர்க்காரி, ஐம்பத்தொரு வயது. அங்கே மாகாண ஆஸ்பத்திரியில் ஒன்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆர்லின் என்கிற விவசாயியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து பதின்மூன்று வருஷம். ஆர்லின் எதற்கும் "ம்" என்று ஒரே சொல்லில் குடும்பம் நடத்தும் மகான். கணவர் வழியில் அவளுக்கு நிரந்தரமாகத் தங்கும் பச்சை அட்டை கிடைத்தது, நர்ஸ் உரிமம் கிடைக்கவில்லை. தேர்வை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கவிழ்ந்தாள். புத்தகங்களைக் கட்டி மூலையில் போட்டுவிட்டு இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கை மாற்றுவது. சம்பளம் மணிக்குப் பதினேழே கால்.

மெடிங் குடியிருப்பது இந்தப் பெர்லா வீட்டுக் கீழ்த்தளத்தில். பனியில் எப்படி வழுக்காமல் நடப்பது, எந்தக் கடையில் கருவாடு கிடைக்கும், கிழவர்களை எப்படித் தூக்கினால் முதுகு பிடிக்காது, எல்லாம் சொல்லிக் கொடுத்தவள் பெர்லாதான். அவள் சமைத்த மீனைத் தின்றுகொண்டு, அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, அவளைவிட இரண்டு மடங்கு வாங்குகிறவள் நான் என்று சுவரில் எழுதி வைத்தால் எப்படி இருக்கும்? பெர்லா மூன்று நாள் லீவில் இருந்தாள். மறுநாள் காலை வந்துவிடுவாள்.

மே மாதம் மாதாவுக்குப் பூ வைக்கும் விழா வரும். விழாவுக்கு யார் யார் என்ன பலகாரம் கொண்டு வருவது என்று பட்டியல் எழுதி ஒட்டுவது மெடிங்கின் வேலை. அன்றைக்கே எழுதினாள். வழக்கமாக அரைத் தாளில் எழுதுகிறவள் அன்றைக்குப் பெரிய மஞ்சள் அட்டையில் எழுதி, ஓரத்தில் பூவெல்லாம் வரைந்து, அறிவிப்பின் மேல் நாலு மூலையிலும் குண்டூசி குத்தினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நிம்மதியோடு வார்டுக்குப் போனாள்.

அரசாங்க அறிவிப்பை மூன்று நாளாக ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பலகாரப் பட்டியலைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்குள் கூட்டம் கூடிவிட்டது. நம் ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? லும்பியா என்கிற பொரித்த சுருள் நூறு, பன்சித் நூடுல்ஸ் இரண்டு தட்டு, கோழி அடோபோக் குழம்பு, இன்னொரு கோழி அடோபோ, முதல் அடோபோவை நம்ப முடியாது என்று மூன்றாவதாக ஒன்று. சமையற்கட்டு நார்வேக்காரக் கிழவி ஒருத்திகூட உருளைக்கிழங்கு கேசரோல் என்று கையெழுத்துப் போட்டாள்.

மே பன்னிரண்டாம் தேதி மினியாபொலிஸிலிருந்து வக்கீல் அம்மா டெய்ட்ரிக் கூப்பிட்டார்.

"மெடிங், அறிவிப்பு எல்லாரும் பார்க்கிற மாதிரி இருக்கு இல்லையா?"

"ஆமாங்க."

"ஒரு நாள்கூட விடாம?"

"ஆமாங்க."

மெடிங்குக்கு யார் என்ன கேட்டாலும் முதலில் "ஆமாங்க" வந்துவிடும். வீடு பற்றி எரிகிறதா என்று கேட்டாலும் அதையேதான் சொல்வாள், எரியாத போதும்.

"நல்லது. நடுவில ஒரு நாள் மறைஞ்சிருந்தாலும் செல்லாது, திரும்ப முதல்லேருந்து ஒட்டணும். போன மாசம் ஒரு கேஸ் அதுலதான் போச்சு. அதான் கேட்டேன்."

ஃபோனை வைத்ததும் மெடிங் சாப்பாட்டு அறைக்கு ஓடினாள். மஞ்சள் அட்டை பூவும் பிஞ்சுமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சம்பளம் உள்ளே பத்திரமாக இருந்தது. அந்த நொடியில் அட்டையைச் சத்தமில்லாமல் கழற்றி வேறு இடத்தில் குத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரியாதுதான். ஆனால் பத்து நாளும் தெளிவாகத் தெரிந்தது என்று லவோன் அம்மா கையெழுத்துப் போட வேண்டும். தன் பெண்ணுக்காக அந்த நல்ல மனுஷியைப் பொய்க் கையெழுத்துப் போட வைப்பதா? பின்னால் யாராவது கேட்டால் கோப்போடு பெண்ணும் போச்சு. மெடிங் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே நிர்வாகி அறைக்குப் போய் நின்றாள்.

"மேடம், நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று அட்டையை நீட்டினாள்.

லவோன் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை படித்தார். "மூணு கோழி அதிகம்தான். ஆனா அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"ஐயோ, அது இல்ல மேடம். இதை எதுமேல ஒட்டினேன்னு கேளுங்க."

கேட்டார். கேட்டுவிட்டுக் காலெண்டரை இழுத்துப் பார்த்தார். இந்த ஊர் ஆட்கள் கத்த மாட்டார்கள், அதுதான் இன்னும் பயம். "திங்கக்கிழமை புதுசா ஒட்டுவோம். மே இருபத்தேழுல முடியும். முப்பது நாள் போனா ஜூன் இருபத்தாறு. இருபத்தேழு திங்கள் கோப்பு போகலாம். ஜூலை ஒண்ணு வெள்ளி." விரலை மடக்கினார். "நாலு நாள் இருக்கு மெடிங். என்னத்துக்கு மூடினீங்க?"

"வெக்கமா இருந்துச்சு மேடம்."

"நான் குடுக்கிற சம்பளமா?"

"நான் வாங்கறது."

லவோன் அம்மாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை.

திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் அவர் புது அறிவிப்பை எல்லோர் முன்னாலும் குத்தினார். வெள்ளை மனசு, வஞ்சகம் கிடையாது, நெளிவு சுளிவும் கிடையாது. "தயவுசெஞ்சு இதுமேல எதையும் ஒட்டாதீங்க. போன தடவை மெடிங் பலகாரப் பட்டியலை வச்சு மூடிட்டாங்க. சம்பளம் தெரியக் கூடாதுன்னு." எல்லோரும் சிரித்தார்கள். பெர்லா சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகு பலகைக்கு முன்னால் போய் நின்று, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். திரும்பி மெடிங்கைப் பார்த்தாள்.

"யாருக்குத் தெரியக் கூடாதுன்னு மூடினே?"

"யாருக்கும்னு இல்லக்கா... சும்மா..."

"இந்தப் பலகையைப் பார்த்து இந்தக் காசைப் படிச்சுப் பெருமூச்சு விட இந்த ஊர்ல வேற எவடி இருக்கா? என் கண்ணுக்குத்தானே மறைச்சே?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் ஒரு சங்கடம் உண்டு. வெட்டுவேன் குத்துவேன் என்று சொன்னாலும் தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் கேட்கும். பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த இரண்டு உள்ளூர்ப் பெண்கள், ஆகா, என்ன பாசமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெர்லா அதோடு பேச்சை நிறுத்தினாள்.

நம் ஆட்கள் கோபித்துக்கொண்டால் சண்டை போட மாட்டார்கள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, வந்து சமாதானம் செய்யட்டும் என்று காத்திருப்பார்கள். பெர்லா அதில் டாக்டர் பட்டம் வாங்கியவள். சாப்பாட்டைத் தட்டில் போட்டுக் கீழ்த்தளப் படியில் வைத்துவிட்டு, 'டொக்' என்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவாள். மீனில் நடுத்துண்டுதான் இருக்கும், பேச்சுதான் இருக்காது. மெடிங் ஐஸ்கிரீம் வாங்கி வந்து மேலே வைத்தாள். அது குளிர்பெட்டியில் அப்படியே இருந்தது. ஆர்லினிடம் தூது போகச் சொன்னாள். அவர் "ம்" என்றார். போனாரா, போய் அங்கேயும் "ம்" என்றாரா, தெரியவில்லை.

மெடிங் இந்தத் தடவை அறிவிப்புக்குக் காவல் இருந்தாள். சாப்பாட்டு வேளையில் பலகைக்கு எதிர் நாற்காலிதான். யாராவது கையில் காகிதத்தோடு உள்ளே வந்தால் எழுந்து நின்றுவிடுவாள். "படிச்சாச்சா? மணிக்கு முப்பத்து நாலரை. நல்லாப் பாருங்க" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாள். ஒன்பதாம் நாள் குளிர்பானப் பெட்டிக்குச் சரக்கு நிரப்ப வந்தவனையும் விடவில்லை. அவன் தனக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போனான். மெடிங்கைவிட அதிகம்.

அதே ஒன்பதாம் நாள் அவள் பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்த்தாள். சாப்பாட்டு அறைக் கதவு திறந்திருந்தது. பெர்லா பலகை முன்னால் நின்று, சின்ன நோட்டில் எதையோ பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். பேனா அறிவிப்பின் கடைசி வரிகளில் நின்றது. அரசாங்க விலாசம் இருக்கிற இடம்.

மெடிங்குக்குச் சோறு இறங்கவில்லை. எழுதப் போகிறாளா? முதல் தடவை மூடி மறைத்தாள் என்று எழுதினால், கோப்பு திறக்குமுன்னே ஆயிரம் கேள்வி வரும். சேச்சே, பெர்லா அக்கா அப்படிச் செய்வாளா? ஆனால் செய்தால்? கேட்டுவிடலாம் என்றால், என்னைப் பார்த்து அப்படி நினைத்தாயா என்று இன்னொரு ஆறு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைப்பாள். மே போயிற்று. ஜூனும் கிழிந்தது. மீன் துண்டு மட்டும் தவறாமல் படிக்கு வந்தது.

லவோன் அம்மா எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டு வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல ஜூன் கடைசி வாரம் மின்னசோட்டாப் பக்கம் ஏரிக்கரைக் குடிலுக்குப் போய்விட்டார். அங்கே ஃபோன் எடுக்காது. எடுத்தாலும் அவர் எடுக்க மாட்டார், மீன் பிடிப்பார். திங்கட்கிழமை மத்தியானம் வக்கீல் அம்மா கூப்பிட்டார்.

"மெடிங், ஒரு பக்கம் தப்பா வந்திருக்கு. அறிவிப்பு ஒட்டினதா உறுதி சொல்ற பக்கம். அதுல பழைய தேதி, மே ரெண்டுலேருந்து பதிமூணு. அந்தத் தேதிதான் செல்லாதுன்னு நாமளே விட்டுட்டோமே! புதுப் பக்கம் அனுப்பறேன். லவோன் பேனாவால கையெழுத்துப் போடணும், அசலே வேணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள கூரியர்ல போட்டீங்கன்னா புதன் எனக்கு வரும், வியாழன் நான் சேர்த்துடுவேன். வெள்ளி ஆச்சுன்னா..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

ஏரி நூற்றுப் பத்து மைல். மெடிங்குக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ள மூன்று தடவை உட்கார்ந்து, மூன்று தடவையும் ஆர்லினின் அஞ்சல் பெட்டியை இடித்தவள். ஆர்லின் வயலில் மருந்தடிக்கிறார். மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

மெடிங் படியேறி மேலே போனாள். பெர்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா. ஷைராவோட பேப்பர்..."

அழுதுகொண்டே கையெழுத்து, ஏரி, கூரியர் என்று எல்லாவற்றையும் சொன்னாள். பெர்லா திரும்பவில்லை. வெங்காயத்தை முடித்தாள். கத்தியைக் கழுவினாள். "நாளைக்கு டூட்டி முடிஞ்சதும் ஒரு மணிக்குக் கிளம்பணும். லும்பியா பொரிச்சுக்கிறேன். வெறுங்கையோடயா போய் நிப்பே?" ஆறு வாரத்தில் முதல் பேச்சு.

மறுநாள் காரில் ஐம்பது மைல் வரைக்கும் ரேடியோ மட்டும்தான் பேசியது. சோளத்தின் விலை, பன்றியின் விலை. மெடிங் மடியில் காகித உறையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அக்கா, அந்த ஆபீசுக்கு எழுதிட்டியா?"

"எந்த ஆபீசு?"

"அறிவிப்புல இருந்துச்சே. நீ நோட்டுல எழுதினதை நான் பார்த்தேன்."

பெர்லா ரேடியோவை அணைத்தாள். சாலையோரமாகக் காரை நிறுத்தினாள். மெடிங், செத்தோம் என்று நினைத்தாள். பெர்லா கைப்பையைத் தூக்கி அவள் மடியில் போட்டாள். "எடுத்துப் பாரு."

நோட்டில் விலாசம் இல்லை. நர்ஸின் வேலைகள் பத்தும் வரி பிசகாமல் எழுதியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சரி. கடைசியில் முப்பத்து நாலு ஐம்பது. அதன் கீழே இரண்டு கோடு.

"பத்து வேலையும் நான் பகோலோட்ல பண்ணினது. ஒண்ணு பாக்கி இல்ல. பதிமூணு வருஷமா இந்த இல்லத்துல இருக்கேன், என் வேலைக்கு என்ன விலைன்னு எனக்கு ஒருத்தரும் எழுதிக் காட்டல. ஒருத்தர் எழுதி ஒட்டினா, அதை நீ பூப்போட்டு மூடறே!"

"உனக்கு வயிறெரியுமேன்னு..."

"எரிஞ்சுதுடி. இல்லேன்னு சொன்னேனா? நல்லா எரிஞ்சுது. உன் மேல இல்ல. ரெண்டு தடவை கவுந்ததுக்கே புத்தகத்தைக் கட்டிப் போட்டாளே ஒரு மூதேவி, அவ மேல." மூக்கை உறிஞ்சினாள். "தேர்வுக்குப் பேர் குடுத்துட்டேன். அக்டோபர்ல. நீ மூடாம இருந்திருந்தா ரெண்டு வாரம் முன்னாடியே குடுத்திருப்பேன். போதும், அழாதே, காகிதத்துல சொட்டும்."

மெடிங் உறையைத் தூக்கி ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு அழுதாள். தன்னை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது. கூடப் பிறந்தவள் மாதிரி இருந்தவளை, வயிற்றெரிச்சல்காரி என்று முதலில் நினைத்தாள், கோள் எழுதுகிறவள் என்று அப்புறம் நினைத்தாள். "மன்னிச்சுடுக்கா" என்றாள்.

"மருந்துக் கணக்கு எனக்கு வராது. நீ சொல்லிக் குடு. அப்புறம் மன்னிக்கிறதைப் பத்திப் பார்க்கலாம்" என்று பெர்லா காரை எடுத்தாள்.

குடிலில் யாரும் இல்லை. லவோன் அம்மா ஏரி நடுவில் படகில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் மரப்பாலத்து நுனியில் நின்று கையை ஆட்டினார்கள். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டிவிட்டு மீனைப் பார்க்கத் திரும்பினார். பெர்லா கழுத்தில் இருந்த சிவப்புத் துண்டைக் கழற்றிச் சுழற்றினாள். மெடிங், வாழ்க்கையில் யார் காதிலும் விழாமல் பேசியே பழகியவள், ஏரியே அதிரும்படி கத்தினாள்: "மேடம்! என் பொண்ணு!"

படகு திரும்பியது.

ஐஸ் பெட்டியின் மூடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டார் லவோன் அம்மா. கையை மூன்று தடவை கழுவி, துடைத்து, பெர்லா மோந்து பார்த்து "சரி" என்ற பிறகுதான் பேனாவைத் தொட விட்டார்கள். அப்புறம் ஆரம்பித்தது அடுத்த ஆபத்து. இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சாப்பிடாமல் போவதா என்றார் அவர். ஐயோ வேண்டாம் என்றார்கள் இவர்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி மூன்று தடவை உபசரிக்க வேண்டும், எங்கள் வழக்கப்படி மூன்று தடவை மறுக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் பெர்லா மணியைப் பார்த்தாள். கூரியர் கடை இன்னும் நாற்பது மைல். "மேடம், கட்டிக் குடுங்க, கார்ல தின்னுக்கறோம்" என்று மரியாதையை மூட்டை கட்டிவிட்டு, லும்பியா டப்பாவை அவர் கையில் திணித்து, மெடிங்கைப் பிடித்துக் காரில் தள்ளினாள்.

கூரியர் கடைக்காரன் பலகையைத் திருப்பப் போகும் நேரத்தில் உள்ளே நுழைந்தார்கள். உறை போயிற்று.

வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வக்கீல் அம்மாவின் செய்தி வந்தது. கோப்பு சேர்ந்துவிட்டது, ரசீது இருக்கிறது. மியாகாவோவில் அப்போது ஜூலை ஒன்று பிறக்க ஒரு மணி சொச்சம் இருந்தது. மெடிங் சாப்பாட்டு அறையிலிருந்தே கூப்பிட்டாள். பெர்லா தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு காதை வைத்தாள்.

"ஷைரா, போய்ச் சேர்ந்துடுச்சு. நீ வர்றே. அம்மா பேப்பர்லயே வர்றே."

மெடிங் ஃபோனை ஒரு தடவை தட்டிப் பார்த்தாள்.

"ஏய், கேக்குதா?"

"கேக்குதும்மா. அப்போ நாளைக்கு என் பொறந்த நாளைக் கொண்டாடலாமா?"

"இது என்னடி கேள்வி?"

"நீதானேம்மா ஒவ்வொரு பொறந்த நாளுக்கும் ஃபோன் பண்ணி, 'ஐயோ, இன்னும் மூணு வருஷம்தான் இருக்கு, இன்னும் ரெண்டுதான் இருக்கு'ன்னு அழுவே. அத்தை கேக் வாங்கறேன்னா நான்தான் வேணாம்பேன். வயசு ஏறினா உனக்குக் கஷ்டமாச்சேன்னு."

தம்மாமிலிருந்தும் சரி, இங்கிருந்தும் சரி, ஒரு தடவைகூட அந்தப் பெண்ணுக்கு நல்ல நாளும் அதுவுமாகச் சந்தோஷமாக ஒரு வார்த்தை சொன்னதாக மெடிங்குக்கு ஞாபகம் வரவில்லை. பெர்லா ஃபோனைப் பிடுங்கினாள்.

"கொண்டாடுடி தங்கம்! தெருவையே கூப்பிடு. விட்டுப்போன வருஷத்துக் கேக்கையும் சேர்த்து வெட்டு."

மெடிங் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஃபோனைத் திரும்ப வாங்கினாள்.

"ஷைரா, உனக்கு எந்தக் கேக்கும்மா பிடிக்கும்?"

ஷைரா சொன்னாள். ஊதாக் கிழங்குக் கேக், மேலே துருவின பாலாடைக்கட்டி போட்டது. இத்தனை வருஷத்தில் மெடிங்குக்கு அது தெரியாது.